பிடரியில் ஒரு லேபிள்

அடையாறு டிப்போவில் என்னோடு பஸ் ஏறும் அந்தப் பெண்மணி ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். நரைத்த குட்டை முடி, சில்லென்ற விரல்கள். முன்சீட்டில் இருப்பவரின் சட்டை லேபிள் பிடரியில் எட்டிப் பார்த்தால், கேட்காமலே உள்ளே தள்ளிவிடுவார். ஒருநாள் என் குர்தாவிலும் கை வைத்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“என்ன மேடம் இது?”

“கோச்சுக்காதம்மா, பழக்கதோஷம்,” என்றார். “எங்க லேப்ல தினமும் பாக்குறது இதைத்தான். உடம்புல ஒவ்வொரு செல்லோட தோல்லயும் ஒரு கொழுப்பு இருக்கு. அது உள்பக்கமாத்தான் இருக்கணும். வெளியே வர வர, ஒரு புரதம் அதை உள்ளே தள்ளிக்கிட்டே இருக்கும். அந்தப் புரதம் நின்னுட்டா, கொழுப்பு வெளியே தெரியும். குப்பை அள்ற செல் வந்து அந்த செல்லையே தின்னுடும்.”

“செத்த செல்லைத்தானே?”

“உயிரோட இருந்தாலும்தான். வெளியே தெரிஞ்சாப் போதும்.”

மழைக்காலம் முடிந்துதான் அவரை மறுபடி பார்த்தேன். பாதியாக இளைத்து, எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் பிடரியில் லேபிள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே தள்ளக் கையை நீட்டினேன்.

“விடும்மா,” என்றார், திரும்பாமலே. “தள்ளித் தள்ளிக் கை ஓஞ்சுபோச்சு.”

அதன்பின் அவர் வரவில்லை. இப்போதெல்லாம் பஸ்ஸில் என் பின்னால் யாராவது வந்து உட்கார்ந்தால், கை தானாகப் பிடரிக்குப் போகிறது.