ஜாதகக் கம்ப்யூட்டர் வாய் திறக்காத ஞாயிறு

பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டைப் பழுது பார்க்க ஒரு வரிசை உண்டு. முதலில் கண்ணால் நன்றாகப் பார்க்க வேண்டும். பிறகு மின்சாரம் சரியாக வருகிறதா என்று அளக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கழற்றுவதும் துடைப்பதும் மாட்டுவதும். என் வயதுக்காரர்கள் மாடியில் தோட்டம் போடுகிறார்கள். நான் விடுமுறை நாட்களில் இப்படி ஏதாவதொரு கிழட்டு போர்டை மேசையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வரிசை மாறினால் எனக்குக் கை ஓடாது. அந்த வரிசையை முதன்முதலில் பார்த்தது சித்தியின் கைகளில். சித்தி அதை மீறியதையும் அன்றைக்கே பார்த்தேன். அது மீறல் என்று தெரிந்துகொள்ள, நானே போர்டுகளைத் தொடும் காலம் வர வேண்டியிருந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. திண்டுக்கல்லில் தாத்தா வீட்டின் முன்னறையில் மாமா கம்ப்யூட்டர் ஜாதகக் கடை வைத்திருந்தார். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் சொன்னால் போதும். பிரின்டர் கரகரவென்று ஜாதகத்தைத் துப்பும். கம்ப்யூட்டர் ஏதோ ஒரு நூல் மில்லில் வேண்டாமென்று கழித்தது. வரும்போதே அதற்கு வயதாகியிருந்தது. அது படுக்கும்போதெல்லாம் எழுப்பிவிடுவது மாமாவின் தங்கையான சித்திதான். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்திருந்தாள். கம்ப்யூட்டர் போர்டுகளைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் வேலைக்கு வரச் சொல்லி கோயமுத்தூரிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. ஆடி முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

தாத்தா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒட்டன்சத்திரம் பக்கம் அவர் ஒரு வரன் பார்த்திருந்தார். தோட்டம், கிணறு, ஒரே பையன். மருமகள் வேலைக்குப் போகிற பேச்சே அந்த வீட்டில் கிடையாது. சித்தி இரண்டு முறை வேண்டாம் என்று சொன்னாள். இரண்டு முறையும் தாத்தா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

ஆனி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை பையனின் அப்பாவும் அம்மாவும் வருவதாக ஏற்பாடு. மாமாவின் கம்ப்யூட்டரிலேயே பொருத்தம் பார்ப்பது, சரியாக இருந்தால் அந்த இடத்திலேயே தட்டு மாற்றிக்கொள்வது. நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதற்குள் முடிந்தால் ஆவணியில் கல்யாணம். முடியாவிட்டால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் யாரும் சம்பந்தப் பேச்சு எடுக்க மாட்டார்கள். சித்தி கோயமுத்தூர் போவதும் போகாததும் அந்த ஒரு மத்தியானத்தில் இருந்தது. இதெல்லாம் எனக்கும் தெரியும். எனக்கு முக்கியமாகத் தெரிந்தது, அடுப்படியில் அம்மா கேசரி கிண்டிக்கொண்டிருந்தது.

சாப்பாடு முடிந்து, மிஷினைத் தயாராக வைப்போம் என்று மாமா சுவிட்சைப் போட்டார். விசிறி மட்டும் சுற்றியது. சத்தமும் இல்லை, படமும் இல்லை.

"ஏத்தா, ஒம் மிஷினு மல்லாந்துருச்சு. வந்து பாரு."

பட்டுச்சேலையோடு சித்தி வந்து தரையில் செய்தித்தாளை விரித்தாள். மூடியைக் கழற்றி போர்டை வெளியே எடுத்து வைத்த நேரத்தில் பையன் வீட்டார் வந்துவிட்டார்கள்.

"பொண்ணேதான் பிரிக்குதுங்களா?" என்றார் பையனின் அம்மா.

"செத்த நேரந்தாங்க. பாத்துருவா," என்றார் தாத்தா. குரலில் பாதி வெட்கம், பாதி பெருமை.

"பாக்கட்டுமுங்க. ஜோசியருங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. மிஷினு மொகத்தப் பாத்து மாத்திச் சொல்லாதுங்களே, அதான் வந்தமுங்க," என்றார் பையனின் அப்பா.

சித்தி எதையும் தொடாமல் முதலில் போர்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மல்டிமீட்டரை வைத்து மின்சாரத்தை அளந்தாள். குறையில்லை. கீபோர்டு செருகும் இடத்துக்குப் பக்கத்தில் பொட்டலம்போல ஒரு சின்ன பேட்டரி. அது கசிந்து, தேய்க்காத செம்புப் பாத்திரத்தில் பூக்குமே, அந்தப் பச்சை அதைச் சுற்றிலும் பூத்திருந்தது. பேட்டரியை வெட்டி எடுத்தாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வெற்றிலைத் தட்டில் மங்கலத்துக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து இரண்டாக வெட்டினாள். பையனின் அம்மாவுக்குப் புருவம் ஏறியது.

"பச்சைய அறுக்குறதுக்குப் புளிப்பு வேணும்ங்கம்மா," என்றாள் சித்தி, நிமிராமல்.

சாற்றைத் தொட்டுப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தாள். பொறுபொறுவென்று நுரைத்தது. ஸ்பிரிட்டால் துடைத்து விசிறிக் காற்றில் காட்டினாள். பூதக்கண்ணாடி வைத்துத் தேடியபோது, தலைமுடி அகலத்தில் ஓடும் செம்புக் கோடு ஒன்று ஒரு நெல் நீளத்துக்கு அரித்துப்போயிருப்பது தெரிந்தது. இரண்டு முனைகளையும் பிளேடால் சுரண்டினாள். ஒயரிலிருந்து ஒரே ஒரு இழையை உருவி, அந்த இடைவெளியில் கிடத்தி ஈயம் வைத்தாள். கன்னத்தில் விழுந்த மல்லிகைச் சரத்தைத் தோளால் தள்ளினாளே தவிர கை அசையவில்லை. பையனின் அப்பா காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து குனிந்திருந்தார். அவ்வளவு சுத்தமாக ஈயம் வைக்க இன்றுவரை என்னால் முடிந்ததில்லை.

டிஸ்க்கை இன்னும் இணைக்கவில்லை. மானிட்டருக்கான அட்டையை மட்டும் செருகி, சுவிட்சைப் போட்டாள். குட்டையாக ஒரு 'பீப்'.

போர்டு தன்னைத் தானே சோதித்துக்கொண்டு, நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லும் சத்தம் அது. இப்போது தெரியும். அப்போது நான் பார்த்ததெல்லாம் மானிட்டர் இருட்டாக இருந்ததையும், அதன் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகில் சித்தியின் இடது கை இருந்ததையும்தான்.

"சித்தி, சத்தம் வந்துச்சு!" என்று கத்தினேன்.

சித்தி சுவிட்சை அணைத்தாள். எனக்குப் பதில் சொன்னது மாமா.

"எதுடி சத்தம்? தெருவுல ஸ்கூட்டர்காரன் போறான்."

"இல்ல மாமா, பொட்டிக்குள்ளதான்..."

"ஆமா, இவ பெரிய காது டாக்டரு. அங்கிட்டுப் போய் ஒக்காருடி."

தினமும் காலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டு வியாபாரம் தொடங்குகிறவர் அவர். அவருக்கே கேட்கவில்லை என்றால் நான் என்ன செய்வது? மூலையில் போய் உம்மென்று உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு சித்தி செய்தது எதிலும் வரிசை இல்லை. அளந்த மின்சாரத்தைத் திரும்பவும் அளந்தாள். நன்றாக இருந்த சிப்புகளைப் பிடுங்கி, ரப்பரால் துடைத்து, திரும்ப மாட்டினாள். ஒட்டிய இழையையே நாலைந்து தடவை பார்த்தாள். சுவிட்சுப் பக்கமே போகவில்லை.

"என்னாத்தா, ஆச்சா?" என்றார் தாத்தா.

"இன்னும் எங்கயோ ஒளிஞ்சுக்கிட்டு இருக்குப்பா."

"மூணு வருசம் பாலிடெக்னிக்குல என்னத்தடி படிச்ச?" என்றார் மாமா. "பரோட்டாவா போட்ட?"

பையனின் அப்பா சிரித்துவிட்டார். தாத்தாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இதையே பாக்கத் தெரியல. இவளுக்குக் கோயமுத்தூர்ல வேலையாம்," என்றார்.

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். பொருத்தமில்லை என்று ஒரு தாளை அடித்துக் கொடுக்க அவளால் முடிந்திருக்கும். அந்த புரோகிராமுக்குள் புகுந்து வரிகளை மாற்றத் தெரிந்தவள்தான். ஆனால் அந்தத் தாள் பையன் மேலோ அவள் மேலோ ஒரு தோஷமாக ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும். பெட்டி கெட்டுப்போனால் யாருக்கும் கெட்ட பெயர் இல்லை, அவளுடைய வேலைத்திறனுக்கு மட்டும்தான். அவளுக்கு இருந்த ஒரே பெருமையும் அதுதான். கை தெரிந்த ஒருவர், தெரியாதவரைப் போல ஒரு சபையின் நடுவில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

கடைசியில் பையனின் அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"ஏனுங்க, நல்ல நேரத்துல மிஷினே வாயத் தொறக்க மாட்டேங்குது. இதுக்கு மேல ஒரு சகுனம் வேணுங்களா?"

"பொண்ணு தங்கமான பொண்ணுங்க," என்றார் அவர் கணவர். "நேரந்தான் கூடி வரல."

போகும்போது அந்த அம்மாள் சித்தியின் தலையைத் தடவி, "வருத்தப்படாத அம்மணி," என்றார். ராகு காலத்துக்கு முன் பஸ் ஏறவேண்டுமென்று வேகமாகப் போய்விட்டார்கள்.

தாத்தா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். சித்தி டிஸ்க்கை இணைத்தாள், சுவிட்சைப் போட்டாள், மானிட்டரின் திருகைத் திருப்பினாள். 'பீப்.' பச்சை எழுத்துகள் வரிசையாக வந்து, இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டு நின்றன. சித்தி தேதியைத் தட்டினாள்.

"இப்ப மட்டும் எப்பிடி வந்துச்சு?" என்றார் தாத்தா.

மாமா உத்தரத்தைப் பார்த்தார். "மிஷினுதானப்பா. அதுக்கும் மனசு வரணும்ல."

தாத்தா என் பக்கம் திரும்பினார். "ஏ குட்டி, இங்க வா. அப்பச் சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னியே, இதானா அது?"

என்னையும் ஒருவர் நம்பிக் கேட்கிறாரே என்று எனக்குப் பூரித்துவிட்டது. "இதேதான் தாத்தா. நான்தான் மொதல்லயே சொன்னேன்ல."

தட்டிக்கொண்டிருந்த சித்தியின் விரல் நின்றது. மாமா உத்தரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தாத்தா சித்தியையே வெகு நேரம் பார்த்தார். பிறகு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"ஆடி பொறந்தா எந்தப் பேச்சும் கெடையாது. சும்மா வீட்டுல கெடந்து என்ன செய்யப் போறா? துணிமணிய எடுத்து வைக்கச் சொல்லு. கோயமுத்தூருக்கு நானே கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வாரேன்."

சத்தத்தைப் பற்றி நான் சொன்னதால்தான் சித்தியை வீட்டைவிட்டு அனுப்புகிறார்! ஓடிப்போய்த் தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "அனுப்பாதீங்க தாத்தா, நான் கேட்டது ஸ்கூட்டர் சத்தந்தான்," என்று அழுதேன். மூன்று பேரும் சிரித்தார்கள்; முதலில் சிரித்தது தாத்தா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொஞ்சம் கழித்து உள்ளே போனால் சித்தி டிரங்குப் பெட்டியைத் திறந்து போட்டு, சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கிறாள், சிரிக்கிறாள், திரும்பவும் துடைக்கிறாள். செய்யாத குற்றத்துக்குக் கிடைத்த தண்டனையை இவ்வளவு தைரியமாக ஏற்றுக்கொள்கிறாளே என்று எனக்கு அழுகை இன்னும் கூடிவிட்டது.