வளைவு நிற்கிறது, ரோடு வரவில்லை

எங்கள் நகருக்குள் ஆட்டோ வராது. நுழைவு வளைவு வரைக்கும் வரும், அங்கே நின்று ஹாரன் அடிக்கும். உடனே பக்கத்து வீட்டு ஆண்கள் நாலு பேர் வந்து என் கணவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு, செம்மண் சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து ஆட்டோ வரைக்கும் நடப்பார்கள். பின்னால் நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போவேன். பக்கவாதத்தில் அவருக்கு வலது கையும் வலது காலும் போய்விட்டன, பேச்சும் குழறுகிறது. பிசியோதெரபிக்குத் தருமபுரி போக வேண்டும். முதல் வருஷம் விடாமல் செய்தால் கோலூன்றியாவது நடப்பார், விட்டால் அவ்வளவுதான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். மழை வலுக்கிற வாரமெல்லாம் தூக்கவும் முடியாமல் விட்டுத்தான் போகிறது. ஆனால் என் கோபம் மழையின் மேல் இல்லை.

இந்த இடம் முன்பு தக்காளித் தோட்டம். அதை வாங்கிய பெரிய மனிதர் சமன்படுத்தி, கல் ஊன்றி, கலர்க் கொடி கட்டி, மனை போட்டு விற்றார். என் கணவர் ஓசூர் கம்பெனிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்து சேர்த்த காசில் ஒரு மனை வாங்கினோம். "இருபத்து மூணடி ரோடுங்க, லாரியே வந்து திரும்பும்" என்று புரோக்கர் கையை அகல விரித்துக் காட்டினான். அந்த ரோட்டுக்கு ஆன நிலத்தின் விலையும் எங்கள் மனை விலையில்தான் ஏறியிருந்தது. அது தெரிந்தேதான் வாங்கினோம். அந்த ரோடு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்க மட்டும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ரோட்டுக்கு என்று ஒரு சொந்தக்காரர் இருப்பார் என்று யாருக்குத் தெரியும்?

தார் போடச் சொல்லிப் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது.

"அது எங்க ரோடு இல்லீங்க" என்றார் அங்கிருந்த எழுத்தர். "மனை போட்டவரு பேர்லயே இருக்குது. அவரு தானப்பத்திரம் எழுதிக் குடுக்கோணும், நாங்க அளந்து பாத்து, மன்றத்துல தீர்மானம் வெச்சு எடுத்துக்கோணும். அப்புறந்தான் தார் போட முடியும்."

"வூட்டு வரி மட்டும் எப்படிங்க வாங்கறீங்க?"

"வூடு எங்க எல்லைக்குள்ள இருக்குதுங்களே."

"வூட்டுக்கு நாங்க பறந்தா போறோம்?"

அவர் சிரித்தார். எனக்கு அவரை மேசையோடு சேர்த்துக் கவிழ்க்கலாம் போல இருந்தது.

பிறகு எங்கள் நகர்ச் சங்கத்தார் அந்தப் பெரிய மனிதரின் வீட்டுக்கு நடையாய் நடந்தார்கள். இன்று ஆடிட்டர் இல்லை, நாளை அமாவாசை, அடுத்த வாரம் திருப்பதி. அந்த ரோட்டை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்யப் போகிறார்? அதில் தக்காளி போட முடியுமா? ஒன்றும் முடியாது. ஆனாலும் பத்து பேர் கைகட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பதற்கு அது பயன்பட்டது.

கடைசியில் தேர்தலில் நிற்கிற ஆசை வந்ததும் அவருக்கு மனம் இளகியது. ஒரே ஒரு நிபந்தனை. நகரின் நுழைவில் அவருடைய அப்பா பெயரில் வளைவு கட்ட வேண்டும். எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வீடு வசூலித்து, ரோட்டுக்கு முன்னால் வளைவைக் கட்டி முடித்தார்கள். இரண்டு பக்கமும் யானை கட்டுகிற மாதிரித் தூண். தூண்களை மனைகளுக்குள் தள்ளி வைக்கக் கூடாதா என்றால், முதல் மனைக்காரர்கள் தங்கள் இடத்தில் ஒரு சாண் கூட விட மாட்டோம் என்றார்கள். ஆகவே ரோட்டுக்குள்ளேயே ஊன்றிவிட்டார்கள்.

திறப்பு விழாவில் அவருக்குப் பொன்னாடை, ஆளுயர மாலை, வழிநெடுக பிளக்ஸ். பொன்னாடைத் தட்டை ஏந்தி நின்றது நான்தான். ரோடு வந்தால் ஆட்டோ வரும், ஆட்டோ வந்தால் இவர் நடப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். "என் சொத்த இந்த ஊருக்குத் தானமா குடுக்கறேன்" என்று அவர் மைக்கில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். எங்களிடம் விற்ற ரோட்டைத்தான் எங்களுக்கே தானம் தருகிறார், அதற்கு மாலையும் எங்கள் செலவு. தானப்பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்து பேரூராட்சிப் பொறியாளர் டேப்போடு வந்தார். உள்ளே எல்லாம் சரியாக இருந்தது. வளைவுக்கு அடியில் அளந்தவர் தலையைச் சொறிந்தார். "தூண் ரெண்டும் ரோட்டுக்குள்ள நிக்குதே. வரைபடத்துல இருக்கற அகலம் இங்க இல்ல. ஆக்கிரமிப்போட எடுத்துக்க முடியாதுங்க. இத எடுத்துட்டுச் சொல்லுங்க."

இடித்துவிட்டால் முடிந்தது. ஒரு காலை வேலை. சங்கத் தலைவர் பதறிப்போனார். "அவங்கப்பா பேரு போட்டிருக்குதுக்கா. இடிச்சா அவரு என்ன நெனைப்பாரு?"

நானே அந்த மனிதரைப் பார்க்கப் போனேன். ஊஞ்சலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏம்மா, இனாமா ரோடு குடுத்தவன் அப்பன் பேர இடிப்பீங்களா? நன்றின்னு ஒண்ணு வேண்டாமா?"

"ரோட்டுக்கும் சேத்துத்தானுங்க நாங்க வெல குடுத்தோம். இனாம் எங்கங்க வந்துது?"

அவர் உள்ளே பார்த்து, "அம்மாவுக்கு ஒரு காப்பி கொண்டாங்க" என்றார். காப்பி வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். மழையில் நகருக்குள் காலூன்ற இடமில்லை. சிமெண்ட் தரை இருப்பது வளைவுக்கு அடியில் மட்டும்தான், அங்கேயே நாற்காலி போட்டார்கள். நானும் வருவேன் என்று என் கணவர் பிடிவாதம் பிடித்தார். வழக்கம்போல அந்த நாலு பேரும் அவரைத் தூக்கி வந்து முன்வரிசையில் வைத்தார்கள்.

தலைவர் நாலு வார்த்தை பேசிவிட்டு, "வளைவ இடிக்கலாம்ங்கறவங்க கையத் தூக்குங்க" என்றார்.

நான் தூக்கினேன். பக்கத்தில் ஏதோ அசைந்தது. என் கணவர் இடது கையைத் தூக்கியிருந்தார். வலுவில்லாமல் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது, ஆனாலும் கையை இறக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். வேறு ஒரு கையும் மேலே இல்லை. வாரா வாரம் அவரைத் தூக்குகிற நாலு பேரும் பின்வரிசையில்தான் இருந்தார்கள். ஒருவர் போனைப் பார்த்தார், ஒருவர் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். நாலு பேர் கையும் மடியில்தான் இருந்தது.

"அப்ப இப்போதைக்கு இருக்கட்டும்" என்றார் தலைவர். கூட்டம் கலைந்தது.

அந்த நாலு பேரும் எப்போதும் போல வந்து நாற்காலியின் நாலு கால்களையும் பிடித்தார்கள். "போலாங்களாக்கா? தூக்கட்டுங்களா?"

"இத்தன பேர் பாக்கக் கையத் தூக்க முடியல. இவரத் தூக்க மட்டும் எப்படி முடியுது?" என்றேன். "வெச்சுட்டுப் போங்க. ரோடு வர்ற வரைக்கும் நாங்க இங்கயே உக்காந்திருக்கறோம்."

அவர்கள் பிடியை விட்டார்கள், ஆனால் போகவில்லை. தூறல் ஆரம்பித்தது. என் கணவர் இன்னும் கையை இறக்காமலேயே உட்கார்ந்திருந்தார்.