இன்னும் தாள் போடவில்லை

தருமபுரிக் கடையில் இன்று வாங்கிய கிறிஸ்துமஸ் குடிலைப் பிரித்தால் பிளாஸ்டிக் வாடைதான் அடிக்கிறது. தீவனத் தொட்டியில் குழந்தை இயேசுவை இப்போதே பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலம் நேற்றுதான் தொடங்கியது. பிறப்பதற்குள் என்ன அவசரமோ!

எண்பதுகளில், பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் இருந்த, பிறகு இடிக்கப்பட்ட ஓட்டுக் கோவிலில், திருவருகைக்காகப் பீடத்துக்கு ஊதாத் துணி விரித்த நாள்முதல் ஒரு வெறும் மரத்தொட்டிதான் இருக்கும். மிட்டாயை வேண்டாமென்று விட்டால் ஒன்று, தம்பியை அடிக்காமல் இருந்தால் ஒன்று என்று பிள்ளைகள் நாங்கள் காய்ந்த கேழ்வரகுத் தாளை ஒவ்வொன்றாக அதில் போட்டுக்கொண்டே வர, சாம்பிராணிப் புகையோடு களத்துமேட்டுத் தூசியும் சேர்ந்து, செபம் சொல்லும்போதே பாதிப் பேர் தும்மிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு வருஷம் கிறிஸ்துமஸ் நெருங்கிய நேரத்தில், திறந்து கிடந்த கதவு வழியே ஒரு வெள்ளாடு புகுந்து அத்தனை தாளையும் தின்றுவிட்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் பொங்கின.

"இத்தன நாளா மிட்டாயே தின்னலியேம்மா, எல்லாம் போச்சே!"

"ஆடு தின்னா என்னடி? மொதல்லருந்து போடு," என்று அம்மா சிடுசிடுத்தாள். "வர்றவரு வெறும் பலகையிலயா படுப்பாரு?"

இந்தக் குடிலில் நகத்தால் நெம்பிப் பார்க்கிறேன். குழந்தை அசைவதாயில்லை.

கொஞ்சம் எழுந்திரும், ஆண்டவரே. உமக்கு நான் இன்னும் ஒரு தாள்கூடப் போடவில்லை.