ஏகாம்பரம் அண்ணன் செய்திக்கு நான் போட்ட தம்ஸ் அப்

ஏகாம்பரம் அண்ணன் போய்விட்டார். நேற்று விடியற்காலை... ஹார்ட் அட்டாக்.

அந்தச் செய்திக்கு நான் தம்ஸ் அப் போட்டேன். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அவர் எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் இருந்தவர். திருத்தணியில் கம்பெனி பஸ் ஏறுகிற எங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப். ரிட்டயர் ஆன பிறகும் அவர் அதிலிருந்து விலகவில்லை.

தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு இங்கிலீஷ் இடியம் போடுவார். தமிழில் அர்த்தம், கீழே ஒரு உதாரணம். பஸ்ஸுக்கு ஓடுகிற நேரத்தில் யார் படிப்பது? ஒரு தம்ஸ் அப்... அவ்வளவுதான். பெரும்பாலும் நான்தான் முதல் ஆள்.

நேற்றும் அதே நேரம், அதே நம்பர். பல் துலக்கிக்கொண்டே அமுக்கிவிட்டேன். எனக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்தான் கேட்டார். "யோவ், ஏகாம்பரம் பூட்டாராம்யா. அவரு பொண்ணு போட்டுக்குது. நீ இன்னா தம்ஸ் அப் போட்டுக்கீற?"

உடனே எடுத்துவிட்டேன். எடுத்து என்ன பிரயோஜனம்...

இந்த இடியம் எல்லாம் ஆரம்பித்ததே ஒரு மீட்டிங்கில்தான். புது மேனேஜர் "த பால் இஸ் இன் யுவர் கோர்ட்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். அண்ணன் மட்டும் எழுந்து, "அப்டின்னா இன்னா சார்?" என்று கேட்டார்.

சிரித்தோம். எனக்கும் அர்த்தம் தெரியாது. அது வெளியே தெரியக்கூடாது என்று கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

மறுநாள் காலை குரூப்பில் முதல் இடியம் அதுதான். 'இனி செய்ய வேண்டியது உங்கள் கையில்' என்று அர்த்தம் போட்டிருந்தார். யாரையும் குத்திக்காட்டி ஒரு வார்த்தை இல்லை.

உதாரணமெல்லாம் சொந்தக் கதைதான். 'பைட் த புல்லட்: பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது. உதாரணம்: ஆடிக் கிருத்திகைக்கு மச்சான் குடும்பம் மொத்தமும் நம் வீட்டில். ஐ பிட் த புல்லட்.' அந்த முதல் இடியத்துக்குப் பிறகு நான் நிஜமாகப் படித்தது இது ஒன்றுதான்.

நேற்று பாதி வழியில் இறங்கி, ஆட்டோ பிடித்து கே.ஜி.கண்டிகைக்குப் போனேன். அவர் வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை.

பேரைச் சொன்னதும் மகள் எழுந்து வந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"நீங்கதானா அங்கிள் குமரேசன்? நைனா தெனம் போனையே பாத்துகினு இருப்பாரு. உங்க தம்ஸ் அப் வந்தாத்தான் டீ குடிப்பாரு. 'கொமரேசன் படிச்சிட்டான்'னு அம்மாகிட்ட சொல்வாரு."

கையில் இருந்த அவர் போனைப் பார்த்தாள்.

"இன்னிக்கும் மொத ஆளு நீங்கதான் அங்கிள்."

"ஆங்..." என்றேன். கோபமாகச் சொன்னாளா, தெரியவில்லை. முகத்தைப் பார்க்கவே என்னால் முடியவில்லை.

இன்று காலை ஆறு மணிக்குக் கை தானாகப் போனை எடுத்தது. குரூப்பில் ஒன்றும் இல்லை. மேலே தள்ளி, பழையதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்: எப்போதாவது ஒருமுறை. உதாரணம்: பழைய பஸ் நண்பர்கள் ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன் வீட்டுக்கு வந்தால் சந்தோஷம்.'

அதற்குக் கீழேயும் முதல் தம்ஸ் அப் என்னுடையதுதான்.

வந்தேன் அண்ணா... நேற்றுதான் வந்தேன்.

போய் வாருங்கள்.