டெர்யேயின் மருந்து

போன கிழமை ஒஸ்லோவின் ஹவுகெட்டோ நிலையத்தில் நீளப் பையொன்றைத் தோளில் மாட்டிய ஒருவர் ரயிலில் ஏறி என் எதிரே அமர்ந்தார். எல்க் என்னும் பெரிய காட்டுமானை வேட்டையாடும் பருவம் தொடங்கிவிட்டால் இப்படியான பைகளை இங்கே ரயிலில் காணலாம். பையிலிருந்து மெல்லிய அமோனியா மணம் வந்தது. துவக்கு என்று நாங்கள் சொல்லும் துப்பாக்கியின் குழாயைத் துடைக்கிற திரவத்தின் மணம் அது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். துவக்குகளுக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தவன் நான்.

அமோனியா என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பாட்ஸ்பியோர்ட். இந்த நாட்டின் வடக்கு அந்தத்திலிருக்கும் அந்த மீன்பிடி ஊரின் தொழிற்சாலையில், குளிரறைப் பக்கம் போனாலே அந்த மணம்தான். மீன் துண்டுகளை நிறுத்துப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. தராசைப் பார்க்காமலே சரியான எடையை அள்ளிவிடுவேன் என்று எனக்கொரு பெயர் இருந்தது. ஊரில் கணக்குப் பாடத்தில் ஒருமுறைகூடத் தேறாதவனுக்குக் கிடைத்த ஒரே பட்டம் அது. பக்கத்து மேசையில் மீன் வெட்டியவன் டெர்யே. என் வயதுதான். எனக்கு நோர்வேஜிய மொழி தெரியாது, அவனுக்குப் பேச விருப்பமில்லை. ஆகவே நல்ல சிநேகிதர்களானோம்.

சில வருடங்களில் இருவருமே ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தோம். நான் எல்லிங்ஸ்ருட்டில், அவன் ஹவுகெட்டோவில். தகப்பன் விட்டுப்போன பழைய வேட்டைத் துவக்கு ஒன்று அவனிடம் இருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் கைப்பிடியை இழுத்துத் தள்ளவேண்டிய வகை. குழாய் தேய்ந்துபோய், கடையில் வாங்கும் தோட்டாக்களைப் போட்டால் ஒரு சாண் அகலத்துக்குச் சிதறும். முந்தின வருடம் அதால் சுட்ட ஒரு எல்க் காயத்தோடு காட்டுக்குள் ஓடிப்போய், பிறகுதான் அகப்பட்டது. அதன் பிறகு, இந்தத் துவக்குக்குப் பொருந்துகிற தோட்டாவைத் தானே செய்வதென்று டெர்யே முடிவெடுத்தான்.

சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிவருவான். ஊரில் வளவுக்குள் ஒரு வெறுங்கோது கிடந்தாலே வீடு நடுங்கும். இவன் அதைக் கழுவி, நெளிவெடுத்து, வரிசையில் நிறுத்திவைப்பான். ஒவ்வொன்றிலும் வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே சன்னம் என்கிற ஈயக்குண்டைப் பொருத்தவேண்டும். ஐந்து தோட்டாவுக்கு ஓர் அளவு, அடுத்த ஐந்துக்குக் கடுகளவு கூட. சுடுதளத்தில் அவன் சுடுவான். நான் கடதாசியில் விழுந்த ஓட்டைகளின் இடைவெளியை அளந்து கொப்பியில் எழுதுவேன். சனிக்கிழமைகளில் அவன் வீட்டு நிலவறையில் மருந்தை நிறுப்பதும் நான்தான், அவனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. துவக்கை நான் ஒருநாளும் தொடவில்லை, மருந்தைத்தான் தொட்டேன். முட்டியைப் பிடித்தேன், கள்ளைக் குடிக்கவில்லை என்கிறவனின் நியாயம்.

அந்தத் துவக்கு எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஒரு கிழமை ஐந்தும் ஒரு குற்றிக்காசுக்குள் விழும். அதே மருந்து, அதே அளவு, அடுத்த கிழமை திக்கொன்றாகப் போகும். டெர்யே கொப்பியைப் பார்ப்பான், நான் டெர்யேயைப் பார்ப்பேன். நெடுநாளுக்குப் பிறகுதான் பிடிபட்டது: குழாய் குளிர்ந்திருக்கும்போது சுடுகிற முதல் வெடி எப்போதும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது. சூடேறிய பிறகே அலைகிறது. காட்டில் அந்த முதல் வெடிதானே வேண்டும்? அதற்கேற்ற அளவைத் தேடி மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.

இதெல்லாம் என் மனைவிக்குத் தெரியாது. அப்போது ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அவளுடைய தம்பி வயிற்றில் சன்னம் பட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பாதையில்லாமல் இரண்டு நாள் கிடந்து செத்தவன். அவள் இங்கே வந்து இறங்கிய அன்றே என்னிடம் ஒரு வாக்கு வாங்கினாள். துவக்குச் சம்பந்தமான எதிலும் நான் கைவைக்கக் கூடாது. கொடுத்தேன்.

முதல் சனிக்கிழமை எங்கே போகிறேன் என்று கேட்டாள்.

"டெர்யேக்கு மருந்து நிறுத்துக் குடுக்கப் போறன்."

"பாவம், என்ன வருத்தமாம்?"

"பழைய வருத்தம்" என்றேன்.

துவக்குக்குப் போடுவதற்கும் நோய்க்குக் குடிப்பதற்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது என் குற்றமா என்று அன்று நினைத்தேன். அவள் உடனே மல்லி அவித்து, இஞ்சி தட்டிப் போட்டு, பிளாஸ்கில் ஊற்றித் தந்தாள். எங்கள் ஆட்களின் வழக்கமாக்கும் என்று நினைத்து டெர்யே சொட்டு விடாமல் குடித்தான். சனிக்கு சனி பிளாஸ்க் போய்வந்தது. கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனைகூடச் செய்வித்தாள். நட்சத்திரம் தெரியாமல் ஐயர் கொஞ்சம் தடுமாறினாராம்.

ஒரு சனிக்கிழமை பிளாஸ்கை மறந்துவிட்டுப் போனேன். வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டியது. டெர்யே கிறிஸ்மஸுக்கு அனுப்பிய நத்தார் வாழ்த்து அட்டையிலிருந்த முகவரியை எடுத்துக்கொண்டு, சுரங்க ரயிலும் மற்ற ரயிலுமாக மாறி, அவளே கொண்டுவந்துவிட்டாள். டெர்யே சந்தோஷமாக அவளை நேரே நிலவறைக்குக் கூட்டிவந்தான். தராசின் முன்னால் கையில் சின்னக் கரண்டியோடு நான் இருந்தேன். மேசையில் கோதுகள், ஓரத்தில் துவக்கு.

"இது என்ன மருந்து?" என்றாள்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். மேசையைப் பார்த்தவள், "எதுக்காம் இவ்வளவு நுணுக்கமா நிறுக்கிறது? கேட்டுச் சொல்லுங்கோ" என்றாள்.

அவள் மொழி வகுப்புக்குப் போகத் தொடங்கி ஒரு மாதம்தான். ஆகவே நான் கேட்டேன். டெர்யேக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. போன வருடம் அந்த எல்க் வயிற்றில் சன்னத்தோடு இரண்டு நாள் கிடந்தது, இனி ஒரு மிருகமும் அப்படிக் கிடக்கக் கூடாது, நின்ற இடத்திலேயே விழவேண்டும் என்றான். மொழிபெயர்த்தேன். இரண்டு நாள் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். வகுப்பில் முதல் பாடமே எண்கள்தான் என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

"இரண்டு நாள் எண்டவர்" என்றாள். பிறகு தராசைப் பார்த்தபடி, "மிருகத்துக்கு எண்டாலும் யோசிக்கினம்" என்றாள்.

பிளாஸ்கைத் திறந்து அவனுக்கு ஊற்றிக் கொடுத்தாள். அவள் என்ன சொன்னாள் என்று டெர்யே கேட்டான். குளிராக இருக்கிறதாம் என்றேன்.

வீடு வரும்வரை அவள் ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. என்னைக் குத்தினாளா, டெர்யேயை மெச்சினாளா, தம்பிக்குத்தான் அழுதாளா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் துணிவில்லை. அந்த நிலவறைக்கு நான் பிறகு போகவில்லை. அந்த வருடம் ஒரே வெடியில் விழுத்திவிட்டதாக டெர்யே தொலைபேசியில் சொன்னான். எனக்குச் சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை. பிறகு அவன் வடக்குக்கே திரும்பிப் போனான். வீடு கைமாறியது. சுடுதளம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன.

எங்கள் வீட்டிலும் ஒன்று இல்லாமல் போயிற்று. அன்றிலிருந்து அவள் மருந்து என்ற சொல்லை எடுப்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் தடிமன் என்றாலும் நோர்வேஜியர் சொல்வதுபோல 'மெடிசீன்' என்பாள். நானும் பேசாமல் அப்படியே பழகிக்கொண்டேன். பிள்ளைகள் தமிழை மறக்கிறார்கள் என்று மற்றப் பெற்றோர் கவலைப்படும்போது கூடச் சேர்ந்து தலையாட்டுவேன்.

மகள் இப்போது தாதியாக வேலை செய்கிறாள். போன மாதம் வேலையால் வந்தவள், வார்டில் ஒரு தமிழ் ஐயா ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டதாகவும், தனக்கு விளங்கவில்லை என்றும் சொன்னாள்.

"அப்பா, மருந்து எண்டா என்ன?"

நான் அவள் தாயைப் பார்த்தேன்.

"நீங்களே சொல்லுங்கோ" என்றாள் அவள்.