சித்தப்பா கட்டிவைத்த பச்சோந்தி

எங்கள் ஊரில் பச்சோந்தியைக் கண்டால் அடிப்பார்கள். அதை வளர்த்த குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். அந்தப் பெருமை சித்தப்பாவையே சேரும். தாயில்பட்டிப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் அவருக்கு வேலை. தீபாவளி சீசன் வந்துவிட்டால் அங்கேயே தங்கிக்கொண்டு லீவு நாளுக்கு மட்டும், சித்தியும் நாங்களும் சேர்ந்திருந்த வீட்டுக்கு வருவார். அப்படி வந்த ஒரு நாள், வேலியோரத்து உடைமரத்தில் பிடித்தது என்று துண்டில் பொதிந்து கொண்டுவந்து என் முன்னால் விட்டார். எனக்கு எட்டு வயது இருக்கும். அது ஒரு கண்ணால் என்னையும் மறு கண்ணால் அம்மாவையும் பார்த்தது.

“வேலியில போன ஓணான வேட்டிக்குள்ள விட்ட கதையா, இத எதுக்குத் தம்பி வீட்டுக்குக் கொண்டாந்தீக?” என்று அம்மா முகம் சுளித்தாள்.

சித்தப்பா சிரித்தார். வெடிக்கு மேல் சுற்றுகிற சணலை அதன் இடுப்பில் கட்டி, மறுமுனையைக் கொல்லையிலிருந்த முருங்கை மரத்தில் முடிந்தார். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் கம்பங்காட்டில் வெட்டுக்கிளி பிடிப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. இலையில் தண்ணீர் தெளித்தால் சொட்டுச் சொட்டாக நக்கிக் குடிக்கும். சிவப்பாக மாறட்டும் என்று என் பாவாடைத் துணியை அதன் அடியில் விரித்துப் பார்த்தேன். அது கோபித்துக்கொண்டு கறுத்துப்போனது.

நாளாக ஆக அதன் வயிறு இரண்டு பக்கமும் புடைத்தது. நான் போட்ட தீனிதான் உடம்பில் ஒட்டுகிறது என்று எனக்கு ஒரே பெருமை. சித்தி மட்டும் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

“இது கொழுப்பு இல்ல புள்ள. சினையா இருக்கு. முட்டை போடப்போகுது.”

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “ஏழு பிள்ள பெத்தவ கணக்கால்ல சொல்லுதா” என்றாள்.

சித்திக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. அம்மா கெட்டவள் இல்லை. சித்திக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரியெல்லாம் கண் விழித்துப் பார்ப்பாள். ஆனால் அந்த நாக்கு அப்படி. சித்தி குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நாளில் பச்சோந்தி இரை எடுப்பதை நிறுத்தியது. மரத்தைவிட்டு இறங்கி, தூரைச் சுற்றிச் சுற்றி வந்து தரையைப் பிறாண்டியது. மழை காணாத கட்டாந்தரை, அதன் நகத்துக்கு எங்கே அசையும்? முட்டையைப் புதைக்க இடம் தேடித் தவிக்கிறது என்று சித்தி சொன்னாள். அவிழ்த்து விட்டுவிடச் சொல்லி, லீவில் வந்திருந்த சித்தப்பாவிடம் கேட்டாள்.

“அவுத்து விட்டா எவனாவது அடிச்சுப் போடுவான். அடுத்த லீவுக்கு வைப்பாத்து மணல் ஒரு சாக்கு கொண்டாரேன். அது பாட்டுக்குத் தோண்டட்டும்” என்றார் அவர்.

அடுத்த லீவு வரவில்லை. ஒரு நாள் மத்தியானம் அலமாரியில் இருந்த ஏனம் பாத்திரங்கள் குலுங்கின. எங்கள் பக்கத்தில் வெடிச் சத்தத்துக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏனம் குலுங்கினால் மட்டும் பெண்கள் தெருவுக்கு ஓடுவார்கள். தெற்கே புகை எழும்பி நின்றது. மறுநாள் சித்தப்பாவைத் துணியில் முழுக்கச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அம்மா என்னைக் கிட்டே போக விடவில்லை.

பாடை கட்டுவதற்கு ஆட்கள் கொல்லைக்கு மூங்கில் கொண்டுபோனார்கள். மரத்தடியில் கிடந்த பச்சோந்தி அவர்களில் ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது. சாவு வீட்டில் இது வேறா என்று கையிலிருந்த மூங்கிலாலேயே அடித்துவிட்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வயிறு பிளந்து கிடந்தது. உள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையாக, மல்லிகை மொட்டுப் போல முட்டைகள் சரிந்திருந்தன.

யாருக்காக அழுவது என்றே எனக்குத் தெரியவில்லை. இதைச் சித்தியிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றியது. பெண்கள் கூட்டத்துக்குள் புகுந்து ஓடினேன். சித்தியைக் கடைசியாக ஒரு தடவை அலங்கரித்து உட்கார வைத்திருந்தார்கள். முகமெல்லாம் மஞ்சள், கை நிறைய வளையல், தலை கொள்ளாத பூ. அவள் அழவேயில்லை.

“சித்தி, அத அடிச்சுக் கொன்னுட்டாக. நீங்க சொன்னது நெசந்தான் சித்தி. வயித்துக்குள்ள முட்டை இருந்துச்சு. யாருமே நம்பலையே” என்றேன்.

ஒப்பாரி சட்டென்று நின்றது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். சித்தி என்னைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். “அக்கா, ஒரு செம்புத் தண்ணி கொண்டாங்க” என்று சொல்லி, அம்மாவை அருகே இழுத்துக் காதில் ஏதோ சொன்னாள். என்னைப் பிடித்திருந்த அம்மாவின் கை தானாக நழுவியது.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. கணவன் இறக்கும்போது மனைவி முழுகாமல் இருந்தால், பிணத்தை எடுப்பதற்கு முன் ஊருக்குத் தெரிவித்துவிட வேண்டும். வாயால் சொல்லக்கூடாது. எத்தனை மாதமோ அத்தனை பூவைச் சபை பார்க்கத் தண்ணீரில் போட வேண்டும். அதைத் தவறவிட்டால், வயிறு தெரியவரும்போது ஊர் வேறு விதமாகப் பேசும். வருஷக்கணக்காக மலடி என்று பேர் வாங்கியவளை எவர் நம்பியிருப்பார்? முன்பு ஒரு தடவை நாள் தள்ளிப்போனதை வெளியே சொல்லி, அது பொய்த்துப்போய் ஊரே சிரிப்பாய்ச் சிரித்ததில், சித்தி இந்தத் தடவை அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. சித்தப்பாவிடமாவது சொல்லியிருந்தாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்க மனசு வரவில்லை.

அம்மா செம்பை ஏந்திக்கொண்டு முற்றத்தில் ஆண்களுக்கு முன்னால் போய் நின்றாள். சித்தியின் தலையிலிருந்து எடுத்த மல்லிகையை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டாள். மூன்று பூ. சங்கு ஊதுகிறவர் ஊதுவதை நிறுத்திவிட்டார். உட்கார்ந்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். செம்புத் தண்ணீர் அம்மாவின் சேலையெல்லாம் சிந்தியது. பிறகு உள்ளே ஓடிவந்து சித்தியின் மடியில் விழுந்தாள். “என் நாக்கு அழுகிப்போக, என் நாக்கு அழுகிப்போக” என்று அவள் கதறிய மாதிரி சித்தப்பாவுக்காகக்கூட அழுது நான் பார்க்கவில்லை. சித்தியும் அப்போதுதான் அழுதாள்.

எனக்கு யாரும் எதுவும் விளக்கவில்லை. அந்தப் பூ பச்சோந்திக்காகப் போட்டது என்றே ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். நான் சொன்ன பிறகுதானே போட்டார்கள்? கொல்லையில் சிதறிக் கிடந்த முட்டைகளோ இரண்டு கை கொள்ளாது. அம்மா ஏன் மூன்றோடு நிறுத்திவிட்டாள் என்பதுதான் அன்றைக்கு என் மனக்குறை.