அக்கா வீட்டு ஊசியும் நான் போட்ட பூவும்

அம்மனை நம்பும் தாய்மார்களே, எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு ஐப்பசி. கல்லிடைக்குறிச்சியில் வயலுக்குப் போன என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன. படுத்த படுக்கை. நான் அழாத நாள் இல்லை.

அவருடைய அண்ணனுக்கும் முந்தின வருஷம் இதே வாதம்தான். மதுரையில் ஏதோ ஊசி போட்டார்கள். எழுந்து நடந்துவிட்டார். அடுத்த வீடு. அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே என் வயிறு எரியும். அவர் மனைவி, என் ஓரகத்தி வேறு வாசலில் நின்றுகொண்டு, "அந்த ஊசி எல்லாருக்கும் கிடைச்சிராது, கேட்டியா? அதுக்குக் குடுப்பினை வேணும்" என்பாள். சாமி கும்பிட்டாலும் அவள் முகம்தான் வந்தது. 'தாயே, அவளுக்குக் கொடுத்ததை எனக்கும் கொடு.' இதுவே என் வேண்டுதல்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. அவரிடம் அந்த ஊசியைக் கேட்டேன்.

"இவுகளுக்கு வயித்துல புண்ணு இருக்கு ஆத்தா. ஊசி போட்டா ரத்தம் கசியும்னு பயமா இருக்கு. அந்த ஊசியைப் பத்தி எந்தெந்த நாட்டுல என்னென்ன எழுதியிருக்காகளோ, எல்லாத்தையும் வரவழைச்சுப் படிக்கேன். எங்க ஆராய்ச்சியே அதுதான். பொறுங்க."

எப்படிப் பொறுப்பேன்? செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததே!

அம்மன் சந்நிதியில் வெள்ளையும் சிவப்புமாய் இரண்டு பொட்டலம் பூக் கட்டிப் போட்டேன். வெள்ளை வந்தால் ஊசி, சிவப்பு வந்தால் வேண்டாம். கண்ணை மூடி எடுத்தேன். சிவப்பு. சரியாகக் குலுக்கவில்லை என்று மறுபடி போட்டேன். சிவப்பு. இன்னொரு முறை போட்டதும் வெள்ளை வந்தது. அதைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

"அம்மன் உத்தரவு குடுத்துட்டா. ஊசியைப் போடுங்கம்மா."

"எடுத்ததுமே வெள்ளையா வந்துச்சு?"

"முதல்ல செவப்பு... பொறவும் செவப்பு..."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அந்தச் செவப்பை எங்க போட்டீக?"

"ஆத்துல."

"கட்டுரையிலயும் இதான் ஆத்தா நடக்கு. ஊசி போட்டு நடந்தவுக கதையை எல்லாரும் எழுதுதாக. நடக்காதவுக கதை எங்கயோ மூலையில கெடக்கு. அதையும் தேடி எடுத்து, சேத்து வச்சுல்லா பாக்கணும்?"

தலைகுனிந்து வந்தேன். கோயிலில், 'அவளுக்குக் கொடுத்ததை' என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டு, 'இவரை நடக்க வை தாயே' என்று மட்டும் கேட்டேன்.

தை மாதம் டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். "எல்லாத்தையும் பாத்தாச்சு. ஊசி போட்டவுகளும் போடாதவுகளும் ஒண்ணுபோலத்தான் நடக்காக. புண்ணு உள்ளவுகளுக்கு ஆபத்துதான் கூட."

நான் அழுது அழுது கேட்டது அதைத்தானே! அன்றிலிருந்து டாக்டரம்மா காட்டிய மாதிரி தினமும் வீட்டுக்காரரின் காலை மடக்கி நீட்டிவிட்டேன்.

பங்குனி உத்திரத்துக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். ஒரு செருப்பு தரையில் தேய்ந்து தேய்ந்து வந்தது. ஓரகத்தி வாசலுக்கு ஓடி வந்தாள்.

"ஏட்டி, எந்த ஊசி போட்டே?"

"ஊசியே போடலக்கா."

அவள் முகம் சுண்டிப்போனது. அன்றைக்குச் சோறு எனக்கு இனித்தது. அம்மன் முன்னால் பொய் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் அவளைப் பார்த்தால் வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. ஆனால் வேண்டுதலில் அவள் பெயரை இழுப்பதில்லை.

நீங்களும் தாயிடம் கேளுங்கள். பூக் கட்டிப் போடுங்கள். சிவப்பு வந்தால் ஆற்றில் போட்டுவிடாதீர்கள். கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள். அதுவும் அவள் கொடுத்ததுதான்.